அடைப்பை எடுத்தாச்சு, பிறகும் மூளை ஏன் சேதமாகிறது?

பக்கவாத வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பதில் சொல்லக் கடினமானது இது: "அடைப்பை எடுத்தாச்சுன்னு சொன்னீங்க. ஸ்கேன்ல ரத்தம் ஓடுதுன்னு காட்டினீங்க. அப்புறம் ஏன் மூணாம் நாள் கண்ணே திறக்க மாட்டேங்கிறார்?" கேள்வியில் தப்பில்லை. குழாயில் அடைப்பு, அடைப்பு போனால் எல்லாம் சரி என்பதுதான் எவருக்கும் தோன்றும் கணக்கு. மூளை அந்தக் கணக்குப்படி நடப்பதில்லை. ரத்தம் நின்றபோது ஒரு சேதம், ரத்தம் திரும்பும்போது இன்னொரு சேதம். இரண்டாவது சேதத்துக்குப் பெரும் காரணம் ஆக்சிஜனிலிருந்தே பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலைந்து அக்கம்பக்கத்தைத் தாக்கும் மூலக்கூறுகள். மருத்துவத்தில் இதை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். இது செல்லுக்குள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், முதல் மூன்று நாள் கவனிப்பில் எது உண்மையில் உதவும், எது மனத்திருப்திக்கு மட்டும் என்பது புரிந்துவிடும்.

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆக்சிஜனிலோ சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது, வருவதை அந்தந்த நொடியே செலவழிக்கும் உறுப்பு அது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் வரவேண்டும். அது 20-க்குக் கீழே இறங்கினால் நியூரான்கள் (நரம்புச் செல்கள்) வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். 10-க்கும் கீழே போனால் செல்லின் சோடியம்–பொட்டாசியம் பம்ப் நின்று, நிமிடங்களில் சாவு தொடங்கிவிடும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் தவிக்கும் பகுதிக்கு பெனம்ப்ரா என்று பெயர். 1981-ல் ஆஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் மூவரும் இதை விளக்கி எழுதிய பிறகுதான் பக்கவாதத்தில் காப்பாற்ற ஏதோ மிச்சம் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் கிடைத்தது. பெரிய குழாய் அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் இருந்தால் ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்பது ஜெஃப்ரி சேவர் 2006-ல் வெளியிட்ட கணக்கு. அழிவதில் பெரும்பகுதி இந்தப் பெனம்ப்ராவிலிருந்துதான் போகிறது. ஃப்ரீ ராடிக்கல்களின் களமும் இதுதான்.

ரத்தம் நின்றிருக்கும்போது நடப்பது

முதலில் செல்லின் சக்தி நாணயமான ஏடிபி தீர்கிறது. பம்ப் நிற்கிறது. செல்லுக்கு வெளியே இருக்க வேண்டிய சோடியம் உள்ளே வருகிறது, கூடவே தண்ணீரும் வந்து செல் வீங்குகிறது. மின்சமநிலை குலைந்ததும் நரம்பு முனைகள் குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைக் கொட்டிவிடுகின்றன. வழக்கமாக அதைத் துடைத்தெடுக்கும் பக்கத்துச் செல்களுக்கும் சக்தி இல்லை, அதனால் அது அங்கேயே தேங்கி அடுத்த நியூரானின் என்எம்டிஏ வாசலைத் திறந்தபடியே வைக்கிறது. வாசல் வழியாகக் கால்சியம் பாய்கிறது. அளவான குளூட்டமேட் நமக்கு நினைவாற்றலைத் தருவது. அளவுக்கு மிஞ்சினால் அதுவே நஞ்சு. அந்த நச்சுத்தன்மைக்கு எக்ஸைட்டோடாக்ஸிசிட்டி என்று 1969-ல் பெயர் வைத்தவர் ஜான் ஓல்னி.

உள்ளே வந்த கால்சியம், தூங்கிக்கொண்டிருந்த நொதிகளை எழுப்புகிறது. ஒன்று சவ்வின் கொழுப்பை அறுக்கும், ஒன்று புரதத்தை வெட்டும், இன்னொன்று நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும். இந்தக் கட்டத்தில் ஃப்ரீ ராடிக்கல் இல்லாமல் இல்லை, ஆனால் குறைவு. காரணம் எளிது: ராடிக்கல் உண்டாக ஆக்சிஜன் வேண்டும், அதுதான் இப்போது இல்லையே. ஆனால் பின்னால் எரியப்போகும் சரக்கு சேர்ந்துகொண்டே இருக்கிறது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற எரிபொருள் குவிகிறது. ஏடிபி உடைந்துபோய் ஹைபோசாந்தீனாகத் தங்குகிறது.

ரத்தம் திரும்பும் அந்த நிமிடங்கள்

அடைப்பு விலகியதும் மடை திறந்தாற்போல ஆக்சிஜன் வருகிறது. குவிந்திருந்த சக்சினேட்டை மைட்டோகாண்ட்ரியா அவசர அவசரமாக எரிக்கிறது. எலக்ட்ரான்கள் போகவேண்டிய பாதையில் இடமில்லாமல் பின்னோக்கித் திரும்பி, காம்ப்ளக்ஸ் 1 என்ற இடத்தில் கசிகின்றன. கசிந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டால் அது சூப்பர்ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கல். மறு ரத்த ஓட்டத்தின் முதல் சில நிமிடங்களில் இது பெருவெடிப்பாக நடக்கிறது என்பதை 2014-ல் சூச்சானியும் மர்ஃபியும் அவர்கள் குழுவினரும் காட்டினார்கள். ஹைபோசாந்தீனும் அதே நேரம் சாந்தீன் ஆக்சிடேஸிடம் சிக்கி இன்னும் கொஞ்சம் சூப்பர்ஆக்சைடு தருகிறது. மூன்றாவது ஊற்று என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ். இது தற்செயலான கசிவே கிடையாது, சூப்பர்ஆக்சைடு தயாரிப்பதற்கென்றே உள்ள நொதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ரத்தச் சர்க்கரையைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

செல்லுக்குப் பாதுகாப்பு இல்லையா என்றால், இருக்கிறது. சூப்பர்ஆக்சைடை எஸ்ஓடி என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதை கேட்டலேஸும் குளூட்டதயோன் பெராக்சிடேஸும் தண்ணீராக்கிவிடும். ஆரோக்கியமான செல்லில் இந்தத் தொடர் நாள் முழுக்கச் சத்தமில்லாமல் நடக்கிறது. பக்கவாதத்தில் மூன்று இடங்களில் அது உடைகிறது. மூளையில் கேட்டலேஸ் முதலிலிருந்தே குறைவு. குளூட்டதயோன் செலவழிந்துவிட்டது, புதுப்பிக்கச் சக்தி இல்லை. மூன்றாவது, அமிலத்தன்மை கூடியதால் புரதங்களில் பூட்டிவைத்திருந்த இரும்பு அவிழ்ந்து வெளியே வந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சந்தித்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல். அதற்கு எதிராக எந்த நொதியும் இல்லை, பிறந்த இடத்திலேயே கைக்கு எட்டியதைத் தாக்கிவிடும். இன்னொரு பக்கம் சூப்பர்ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிறது. ரத்தக்குழாயை விரித்து உதவியிருக்க வேண்டிய நைட்ரிக் ஆக்சைடு இப்படி இரட்டை நஷ்டமாகிறது: நல்லது ஒன்று குறைகிறது, கெட்டது ஒன்று கூடுகிறது.

சேதம் என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, செல் சவ்வில் ஒரே ஒரு கொழுப்பு அமிலத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். நியூரான் சவ்வில் டிஹெச்ஏ நிறைய உண்டு. அதில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டியிருக்கும் ஹைட்ரஜனின் பிடி தளர்வானது. ஹைட்ராக்சில் அதைப் பிடுங்குகிறது. பிடுங்கப்பட்ட கொழுப்பு இப்போது தானே ஒரு ராடிக்கல். அது ஒரு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அது அடுத்ததிடம். ஒரு பொறி ஒரு வரிசையையே எரிப்பது இப்படித்தான். வழியில் வைட்டமின் ஈ ஒன்று குறுக்கே நின்றால் வரிசை அறுபடும், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். எரிந்த கொழுப்பு உடைந்து 4-ஹைட்ராக்சிநோனினல் போன்ற துண்டுகளாகிறது. அவை அங்கேயே கிடப்பதில்லை, சோடியம்–பொட்டாசியம் பம்பிலும் குளூட்டமேட்டைத் துடைக்கும் புரதத்திலும் போய் ஒட்டி அவற்றை முடக்குகின்றன. முதலில் பம்ப் நின்றதால் ராடிக்கல் வந்தது, இப்போது ராடிக்கலால் பம்ப் நிற்கிறது. ரத்தம் வந்த பிறகும் செல் மீளாமல் போவதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம். இரும்பை நம்பி, கொழுப்பு எரிந்து சாகும் இந்த வகைச் சாவுக்கு 2012-ல் ஃபெரோப்டோசிஸ் என்று தனிப்பெயரே வைத்தார்கள்.

டிஎன்ஏவும் தப்புவதில்லை. அதில் முறிவு விழுந்ததும் பார்ப்-1 என்ற பழுதுபார்க்கும் நொதி வேலையைத் தொடங்குகிறது. அதற்கு எரிபொருள் என்ஏடி. முறிவுகள் ஏராளமாக இருந்தால் என்ஏடி முழுவதையும் அதுவே தின்றுவிடும். அப்போது ஆக்சிஜனும் குளூக்கோஸும் வாசலில் நின்றாலும் செல்லால் அவற்றைச் சக்தியாக மாற்ற முடியாது. அடுப்பே இல்லாத வீட்டில் அரிசி மூட்டையை இறக்கிய மாதிரி.

மூன்றாம் நாள் ஏன்

இதுவரை சொன்னதெல்லாம் நிமிடங்களிலும் மணிகளிலும் நடப்பவை. ஆனால் அடிவாங்கிய எல்லாச் செல்களும் உடனே சாவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை விழுந்து சைட்டோக்ரோம் சி வெளியே வந்த செல், திட்டமிட்ட சாவுக்குள் மெதுவாக இறங்குகிறது. அதற்கு மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். அதே நாட்களில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் வந்து சேர்கின்றன. கிருமியைக் கொல்ல வேண்டுமென்றே சூப்பர்ஆக்சைடு தயாரிக்கும் வெள்ளணுக்கள் அவை. இங்கே கிருமி இல்லை, ஆயுதம் மட்டும் வெளியே வருகிறது. ராடிக்கல்கள் எம்எம்பி-9 என்ற நொதியையும் தூண்டுகின்றன. அது ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பின் அடித்தளத்தைக் கரைக்கிறது. தடுப்பு ஓட்டையானால் நீர் கசிந்து வீக்கம், இன்னும் மோசமானால் ரத்தமே கசியும். வீக்கம் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்கு வருகிறது. வெளியே நின்றவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: முதல் நாள் நன்றாகத் தெரிந்தவர் மூன்றாம் நாள் மயங்கினால், சேதம் மூன்றாம் நாளில் தொடங்கியது என்று அர்த்தமில்லை. அன்றைக்குத்தான் அது வெளியே தெரிகிறது.

அப்படியென்றால் அடைப்பை எடுக்காமலே இருக்கலாமா என்று சிலர் கேட்டுவிடுகிறார்கள். கூடவே கூடாது. ரத்தம் நின்றிருப்பதால் வருவது முதலையே அழிக்கும் நஷ்டம், ரத்தம் திரும்புவதால் வருவது வட்டி. வட்டிக்குப் பயந்து முதலை விட முடியாது. பக்கவாதம் தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் கரைக்கும் ஊசி, பெரிய குழாய் என்றால் தகுதியுள்ளவர்களுக்கு 24 மணி நேரம் வரையில் கட்டியை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை. இவற்றைவிடப் பெரிய மூளைப் பாதுகாப்பு இன்றுவரை வேறில்லை. சீக்கிரம் திறந்தால் எரியக் காத்திருக்கும் சரக்கும் குறைவு, அதனால் இரண்டாவது சேதமும் குறைவு. வேகம்தான் இரண்டுக்கும் மருந்து.

ஆன்டிஆக்சிடன்ட் மருந்துகள் என்ன ஆயின

ராடிக்கல்தான் எதிரி என்றால் அதைப் பிடிக்கும் மருந்தைக் கொடுத்தால் முடிந்தது என்று எல்லோரும் நம்பிய காலம் உண்டு. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 2006-ல் வெளியான செயின்ட்-1 ஆய்வில் கொஞ்சம் பலன் காட்டியது. அதைவிடப் பெரிய செயின்ட்-2 ஆய்வு 2007-ல் வந்தபோது ஒரு பலனும் இல்லை. துறைக்கே அது பெரிய அடி. காரணத்தைத் தேடினால் பாடம் கிடைக்கிறது. அந்த மருந்து மூளைக்குள் நுழைவதே சிரமம். ஆய்வக எலி இளமையானது, சர்க்கரையோ கொதிப்போ இல்லாதது, மருந்தும் சீக்கிரமே கிடைத்துவிடும். மனித நோயாளிக்கு வயதும் ஆகியிருக்கும், மருந்தும் மணிக்கணக்கில் தாமதமாக வரும், ரத்தக்குழாய் திறந்ததா என்பதும் உறுதியில்லை. கொழுப்பு எரிந்து முடிந்த இடத்தில் தீயணைப்பு வண்டி வந்து என்ன பயன்?

எடராவோன் மட்டும் விதிவிலக்காக நிற்கிறது. ஜப்பானில் 2001-லிருந்து பக்கவாதத்துக்கு அனுமதி பெற்ற மருந்து. தொடங்கி 24 மணி நேரத்துக்குள், 30 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொன்றும் 30 நிமிட ட்ரிப்ஸாக, அதிகபட்சம் 14 நாள். இதை நார்மல் சலைனில்தான் (உப்புநீரில்) கலக்க வேண்டும். சர்க்கரை உள்ள திரவத்தில் கலந்தால் மருந்தின் வீரியம் குறையும், வலிப்பு மருந்துகளான ஃபெனிடாய்ன், டயசெபாம் ஓடும் குழாயில் சேர்த்தால் கலங்கிவிடும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்குக் கூடாது. மற்றவர்களுக்கும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் தொடர்ந்து பார்க்க வேண்டும், முக்கியமாக வயதானவர்களுக்கும் நீர்ச்சத்து குறைந்தவர்களுக்கும். சீனாவில் எடராவோனோடு டெக்ஸ்போர்னியால் சேர்த்த மருந்தை எடராவோனோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது: 90-ம் நாளில் ஏறத்தாழ இயல்பாக இருந்தவர்கள் 67 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 59 சதவீதம். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அமெரிக்கா 2017-ல் எடராவோனை அனுமதித்தது ஏஎல்எஸ் என்ற வேறு நரம்பு நோய்க்கு, பக்கவாதத்துக்கு அல்ல. டாக்டர் எழுதினால் மறுக்க வேண்டியதில்லை, எழுதவில்லை என்றால் ஏதோ பெரிய சிகிச்சை தவறிவிட்டது என்று கலங்கவும் வேண்டியதில்லை.

கடையில் வாங்கும் வைட்டமின் ஈ மாத்திரை வேறு கதை. 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு அடைப்பு வகைப் பக்கவாதம் 10 சதவீதம் குறைவு, ரத்தக்கசிவு வகை 22 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தடுப்பு ஏற்கெனவே ஓட்டையாகிக் கிடக்கும் மூளையை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம்.

படுக்கையோரத்தில் ராடிக்கலைக் குறைப்பது

மருந்துப் பெட்டியில் கிடைக்காதது கவனிப்பில் கிடைக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2011-ல் வெளியான க்யூஏஎஸ்சி ஆய்வில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் இந்த மூன்றையும் முதல் 72 மணி நேரம் நர்ஸுகள் ஒழுங்காகக் கவனித்த வார்டுகளில், 90-ம் நாளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் 42 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம். எந்த ஆன்டிஆக்சிடன்டும் இதற்குப் பக்கத்தில் வந்ததில்லை.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே சொன்ன என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் வேலை செய்ய என்ஏடிபிஹெச் வேண்டும், அது குளூக்கோஸிலிருந்துதான் வருகிறது. ரத்தம் திரும்பும் நேரத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் சூப்பர்ஆக்சைடு தயாரிப்புக்கு நாமே மூலப்பொருள் கொடுக்கிறோம். அதனால்தான் பக்கவாத நோயாளிக்கு, சர்க்கரை தாழ்ந்திருந்தால் ஒழிய, குளூக்கோஸ் ட்ரிப்ஸ் போடுவதில்லை, நார்மல் சலைன்தான். "சாப்பிடாம தெம்பே இல்லை, ஒரு குளூக்கோஸ் பாட்டிலாவது ஏத்துங்க சிஸ்டர்" என்று கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். இலக்கு 140 முதல் 180. 80–130-க்கு இறக்கிப் பார்த்த ஷைன் ஆய்வில் (2019) கூடுதல் பலன் இல்லை, ஆபத்தான தாழ்சர்க்கரை அந்தக் குழுவில் மட்டும் வந்தது. விரல் நுனியில் சோதிக்கும்போது ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகே குத்த வேண்டும், முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது நல்லது. ட்ரிப்ஸ் ஓடும் கையில் எடுக்கக் கூடாது.

ஆக்சிஜன் விஷயத்தில்தான் அதிக வாக்குவாதம். மாஸ்க் இல்லையென்றால் கவனிக்கவில்லை என்று உறவினர்கள் பதறுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் கொடுக்க வேண்டும், மேலே இருந்தால் வேண்டாம். 8,003 நோயாளிகளை வைத்து நடந்த எஸ்ஓ2எஸ் ஆய்வில் (2017) எல்லோருக்கும் வழக்கமாக ஆக்சிஜன் கொடுத்ததால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை. மானிட்டர் 88 காட்டினால் உடனே பயப்படுவதற்கு முன் விரலைத் தொட்டுப் பாருங்கள்: சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தப்பும். வேறு விரலுக்கு மாற்றி, அலை சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் ஏறினால் வளர்சிதை வேகம் ஏறும், ராடிக்கலும் ஏறும். 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பாராசிட்டமால், கூடவே காரணத்தைத் தேட வேண்டும்: நெஞ்சுச் சளி, சிறுநீர்க்குழாய், ஊசி போட்ட இடம். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் செயலிழந்த பக்கத்துக் கை தானாக மூடி நிற்காது, பிடித்துக்கொள்ளாவிட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

பல நேரம் காய்ச்சல் தொடங்குவது ஒரு வாய்த் தண்ணீரில். விழுங்கும் சோதனை முடியும்வரை தண்ணீரும் கூடாது, மாத்திரையும் கூடாது. சோதனையில் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். இருமினால் தெரிந்துவிடும். இருமாமலே குரல் மட்டும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல மாறினால் அதுவும் தோல்விதான், அதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போவது. உள்ளே போன தண்ணீர் நுரையீரலுக்குப் போய், நிமோனியாவாகி, காய்ச்சலாகி, மறுபடி மூளைக்குத்தான் வந்து சேரும்.

ரத்த அழுத்தத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். கரைக்கும் ஊசி போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே வைக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டையான தடுப்பு வழியாக ரத்தம் கசியும். அதற்காக அடியோடு இறக்கவும் கூடாது: கட்டியை எடுத்தவர்களுக்கு மேல் அளவை 120-க்குக் கீழே இறக்கிப் பார்த்த ஆய்வில் (2022) நோயாளிகள் மோசமானார்கள். வீட்டில் முகம் கோணியதும் பிபி மாத்திரையை நாக்கடியில் வைப்பது இதனாலேயே தப்பு, பெனம்ப்ராவுக்குக் கசிந்துகொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும்.

ரத்தக்கசிவு வகைப் பக்கவாதத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே இரும்பு வெளியிலிருந்தே வருகிறது, உறைந்த ரத்தத்தின் ஹீமோகுளோபின் நாள்கணக்கில் சிதைந்து கொடுப்பது. இரும்பைப் பிடித்தெடுக்கும் டெஃபராக்சமைனைக் கொடுத்துப் பார்த்த ஐ-டெஃப் ஆய்வு (2019) 90-ம் நாள் இலக்கை எட்டவில்லை. தேடல் நிற்கவில்லை.

கடைசியாக, அந்த இரண்டு முதல் ஐந்து நாட்களில் அருகில் இருப்பவர் பார்க்க வேண்டியது: கூப்பிட்டால் திரும்பியவர் இன்று உலுக்கினால்தான் திரும்புகிறார், தலைவலி கூடுகிறது, வாந்தி எடுக்கிறார், ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது. இதில் எது வந்தாலும் "தூங்கட்டும், அசதியா இருப்பார்" என்று விடாமல் அந்த நிமிடமே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். பெரிய குழாய் அடைபட்டு மூளை கடுமையாக வீங்கும் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அது இல்லாமல் 100 பேரில் 29 பேர் பிழைத்த இடத்தில், அந்த அறுவை சிகிச்சையால் 78 பேர் பிழைத்தார்கள். கேட்கும்போது பயமாக இருக்கும், கையெழுத்துப் போட யோசிக்கவும் தோன்றும். பிழைப்பவர்களில் சிலருக்குப் பெரிய ஊனம் தங்கும் என்பதையும் மறைக்காமல் கேட்டுத் தெரிந்துகொண்டு, குடும்பத்தில் முடிவெடுக்கக்கூடிய இருவராவது முதல் நாளே டாக்டரிடம் இதைப் பேசி வைத்திருங்கள்.